கலாமணி பேசறேன்

உக்காருங்க அம்மணி. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. போன் ஆபீஸ்லயே குடுப்பீங்களான்னு கேட்டீங்க பாருங்க, வர்றவங்க எல்லாரும் மொதக் கேள்வி அதைத்தான் கேக்கறாங்க. லீவு உண்டான்னு கேக்கறதில்லை, உக்கார எடம் எங்கேன்னு கேக்கறதில்லை. போன் குடுப்பீங்களா! அட கெரகமே, போன் இல்லாத ஆளு இன்னைக்கு ஊருக்குள்ள யாருங்க இருக்கறாங்க?

தர மாட்டோங்க. மறைக்கறதுக்கு என்ன இருக்குது? எங்க முதலாளி அதுக்கு ஒரு காரணம் சொல்வார், அதுல நியாயம் இருக்குது. ஆபீஸ் பேர்ல புது நம்பர் வாங்கி, புதுப் போன்ல போட்டு அடிச்சோம்னு வைங்க. எதிர்ல இருக்கறவன் போன்ல என்ன காட்டும்? விளம்பரம், எடுக்காதேன்னு செவப்பாக் காட்டும். எவன் எடுப்பான்? நீங்க எடுப்பீங்களா? அதுவே ஒரு வீட்டுப் பொம்பளையோட பழைய நம்பர்னு வைங்க. ஒண்ணும் காட்டாது. ஒறம்பரை, சொந்தக்காரங்க யாரோ கூப்பிடறாங்களாட்டம் இருக்குதேன்னு எடுத்துருவான். எடுத்துட்டான்னா அப்பறம் நம்ம வாய்ச் சாமர்த்தியம். வீட்டு மனை விக்கறதுல பாதி வேலை அவனைப் போனை எடுக்க வெக்கறதுதான். அதனாலதான் இங்க அவங்கவங்க போன், அவங்கவங்க நம்பர்.

என்னையே எடுத்துக்கங்களேன். இத்தனை வருசமா என்ற போன்லதான் ஆபீஸ் வேலை பூராவும். பத்திரத்தைப் படம் எடுக்கறது, சைட்டுப் படம் அனுப்பறது, முதலாளி வீட்டுக்கு மளிகை வாங்கறது வரைக்கும் இதுலதான். என்ற பொண்டாட்டி பகல்ல எனக்குக் கூப்பிடவே மாட்டா. போன வருசம் அவங்கப்பா ஆஸ்பத்திரியில கெடந்து உசுரு போச்சு, அப்பக்கூடப் பக்கத்து வீட்டுக்காரரை வண்டியில அனுப்பித்தான் சொல்லி விட்டா. லைன் பிசியாகக் கூடாது பாருங்க. அந்தளவுக்குப் பழக்கி வெச்சிருக்கறேன். குடும்பம்னா அப்படி ஒத்துழைக்கோணும்.

உங்க வீட்டுக்காரருக்குத் தறியில மாட்டிக் கை நசுங்கிருச்சுன்னு சொன்னீங்க. கேக்கவே மனசுக்குக் கஷ்டமா இருக்குது. அதனாலதான் பயோடேட்டாவை வாங்கி வெச்சுட்டுப் போகச் சொல்லாம உக்கார வெச்சுப் பேசறேன். இன்னொண்ணும் இருக்குது. கீழ டீக்கடைக்காரன் இருக்கறானே, அவன் வாய் சும்மாவே இருக்காது. மாடியில இருக்கற மேனேஜர் பொங்கியண்ணன் ஒரு பொம்பளையோட நம்பரைப் புடுங்கிட்டான்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்றானாம். அவன் வாயால கேக்கறதுக்கு என்ற வாயாலயே கேட்டுக்கங்க. கேட்டுப்போட்டு நீங்களே சொல்லுங்க, நான் கொடுமைக்காரனா?

இப்ப உங்களுக்குத் தண்ணி கொண்டாந்து வெச்சுட்டு டீ வாங்கக் கீழ போச்சு பாருங்க, நீலச் சீலை. அந்தம்மாதான் கலாமணி. ஆனா ஆபீஸுக்குள்ள அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுராதீங்க. ஏன்னு சொல்றேன். பால் இன்னும் வரலையாம், அந்தம்மா மேல வர நேரமாகும்.

மொதல்ல அந்தம்மா ஸ்பின்னிங் மில்லுல இருந்துச்சு. நல்ல மில்லு, பஸ் விட்டுக் கூட்டிட்டுப் போவாங்க. அதை விட்டுப்போட்டு இங்க வேலை கேட்டு வந்துச்சு. ஏம்மா, அத்தனை நல்ல எடத்தை விட்டுப்போட்டு வர்றேன்னு கேட்டேன். அங்க வாசல்லயே போனை வாங்கிப் பெட்டியில போட்டுப் பூட்டிருவாங்களாம். ஷிப்டு முடிஞ்சு வர்றப்பதான் குடுப்பாங்களாம். இங்க நாள் பூராவும் போன் கையிலயே இருக்குமுங்களா சார்னு கேட்டுச்சு. கையில என்னம்மா, காதுலயே இருக்கும்னேன். அந்த நிமிசமே சேர்ந்துக்குச்சு. சம்பளம் பேசவே இல்லை. எனக்கு ஆச்சரியமாப் போச்சு.

அப்பறந்தான் வெசயம் தெரிஞ்சுது. அந்தம்மாவுக்கு ஒரே பையன், சபரின்னு பேரு. புருசன் எப்பவோ போய்ச் சேர்ந்தாச்சு. இந்தப் பையன் பன்னண்டாவதுல பெயிலாயிட்டான். அதைக் கேட்டு இந்தம்மா ஆத்திரத்துல, என் மூஞ்சியில முழிக்காதேன்னு சொல்லியிருக்குது. எந்தத் தாய்தான் சொல்லலை? எங்கம்மா என்னைத் தெனமும் சொல்லும். அந்தப் பையன் ரோசக்காரன், மாத்துத் துணிகூட எடுக்காம சங்ககிரி டேசன்ல போற ரயில்ல ஏறிப் போயிட்டான். போலீஸ்ல எழுதிக் குடுத்துச்சு, கோயில் கோயிலாப் போச்சு, ஒண்ணும் நடக்கலை. அவனுக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பர் இது ஒண்ணுதான் சார், என்னைக்காச்சும் இதுக்குத்தான் கூப்பிடுவான்னு அந்தம்மா சொல்லும். குளிக்கப் போனாக்கூடப் போனைக் கவர்ல சுத்திக் கொண்டு போகுமாம். அப்படி ஒரு பைத்தியம்.

ஆனா ஒண்ணு சொல்லோணும், அது மாதிரி டெலிகாலர் எனக்கு இன்னி வரைக்கும் கிடைக்கலை. ஏன்னு சொல்லுங்க? எந்த நம்பர்ல இருந்து வந்தாலும் ஒரே ரிங்குல எடுக்கும். எடுத்தவொடனே குரல்ல ஒரு ஆசை வழியும் பாருங்க! 'சொல்லுங்க, கலாமணி பேசறேன், சொல்லுங்க'ன்னு கேக்கறப்ப அந்தப் பக்கம் இருக்கறவனுக்கு, நமக்காகவே ஒருத்தி காத்துக்கிட்டு இருந்திருக்கறான்னு தோணிப்போகும். மனை பார்க்க வர்றவன், கலாமணி மேடம் எங்கீங்கன்னுதான் கேப்பான். முதலாளி சும்மா இருப்பாரா? பைபாஸ் பூராவும் செவுத்துல எழுதிப்புட்டார். தொடர்புக்குக் கலாமணி, கீழ அந்தம்மா நம்பர். திருச்செங்கோடு ரோட்டுல பாலத்துக்கு அடியில எழுதியிருக்கறது இன்னும் அழியலை. அந்தம்மாவுக்கு அதுல ஒரே சந்தோசம். எங்க பையன் எந்தப் பஸ்ல வந்தாலும் பார்ப்பானுங்க சார்னு சொல்லுச்சு.

அப்பத்தான் முதலாளி என்னைக் கூப்பிட்டு, யோவ் பொங்கியண்ணா, நாளைக்கு இந்தப் பொம்பளை எதிர்க் கம்பெனிக்குப் போச்சுன்னா செவுத்தை எல்லாம் அவனுக்கா எழுதி வெச்சிருக்கறோம்னு கேட்டார். கேள்வி நியாயமா இல்லையா? நான் அந்தம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். நம்பரைக் கம்பெனி பேருக்கு மாத்திக் குடுத்துரும்மா, ரீசார்ஜ் எல்லாம் கம்பெனியே போட்டுக்கும்னேன். ரொம்ப யோசிச்சுச்சு. நம்பர் மாறிறாதுங்களே சார்னு கேட்டுச்சு. மாறாதும்மான்னேன். சத்தியமாங்களான்னுச்சு. சத்தியம்னு கையில அடிச்சுக் குடுத்தேன். நான் பொய் சொல்லலைங்க அம்மணி. நம்பர் மாறலையே. இன்னைக்கும் அதே நம்பர்தான். என்ற நம்பருங்கூட முதலாளி பேர்லதான் இருக்குது, எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?

சரி, அப்பறம் அந்தம்மாவுக்குத் தொண்டை போச்சு. நாள் பூராவும் பேசுற தொழில், சிலருக்கு ஒத்துக்காது. மொதல்ல கரகரன்னு இருந்துச்சு, அப்பறம் கட்டின்னாங்க, ஆப்பரேசன்னாங்க. கத்தி வெச்சுட்டு வந்தப்பறம் குரல்னு ஒண்ணு வர்றதே இல்லை, காத்துதான் வருது. பக்கத்துல காதைக் குடுத்தாத்தான் என்ன சொல்லுதுன்னு தெரியும். அதை வெச்சு எப்படிங்க மனை விக்கறது? நீங்களே சொல்லுங்க. அதனால நின்னுக்கம்மான்னு மரியாதையாத்தான் சொன்னேன். சிம்மை மட்டும் எடுத்துக் குடுத்துட்டுப் போன்னேன்.

அப்ப ஆரம்பிச்சுது பாருங்க கூத்து! அந்தம்மா போனை மாரோட சேர்த்து இறுக்கிப் புடிச்சுக்கிச்சு. சம்பள பாக்கி வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், நம்பரை மட்டும் விட்டுருங்க சார்ங்குது. கஸ்டமர் அடிச்சா நானே ஓடி வந்து உங்ககிட்டக் குடுத்தர்றேங்குது. நடக்கற காரியமா? வீட்டுல இருந்து அது ஓடி வர்றதுக்குள்ள பார்ட்டி வேற சைட்டுல அட்வான்ஸ் குடுத்திருப்பான். அத்தனை பேர் பார்க்க என்ற கால்ல விழுந்துச்சு. எனக்கு ஒரே கூச்சமாப் போச்சு. முதலாளி ரூம்ல இருந்து எட்டிப் பார்க்கறார். என்ன பண்ணச் சொல்றீங்க? ஏம்மா, நம்பர் கம்பெனி பேர்ல இருக்குது, நீ குடுக்காட்டியும் கடையில போய் இன்னொரு சிம்மு வாங்கிக்குவோம், உன்ற கையில இருக்கறது செத்துப் போயிரும்னு உள்ளதைச் சொன்னேன். செத்துப் போயிரும்ங்கற வார்த்தையைக் கேட்டவொடனே அந்தம்மா கை தானாத் தளர்ந்துருச்சு. நானேதான் சிம்மைக் கழட்டினேன்.

அதோட விட்டனா? கொடுமைக்காரனா இருந்தா விட்டிருப்பான். நான் முதலாளிகிட்டப் பேசி, ஆபீஸ் கூட்டித் தொடைக்கற வேலை போட்டுக் குடுத்தேன். வேற எடத்துல அதுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்கும், நான் இல்லைங்கலை. ஆனா அந்தம்மாதான் இங்கயே இருக்கறேன்னு சொல்லுச்சு. அந்தப் போனு இருக்கற ரூமுல இருந்தாப் போதும்னுச்சு. வெளக்கமாத்தைக் கையில வெச்சுக்கிட்டு, அந்த நம்பருக்கு ரிங்கு வந்தா அப்படியே நின்னுரும். சாயங்காலம் போறப்ப என்ற மேசைகிட்ட வந்து, ஏதாச்சும் கூப்பிட்டாங்களான்னு கேக்கும். இல்லேன்னு சொல்வேன். போயிரும். ஒரு தொந்தரவு கிடையாது.

பேரு வெசயம் சொல்றேன்னேனில்ல? அந்த சீட்டுல நான் சிந்துஜான்னு ஒரு பொண்ணைப் போட்டேன். ஆனா செவுத்துல கலாமணின்னு இருக்குது, வர்றவன் எல்லாம் கலாமணியைக் கேக்கறான். அதனால இந்த ஆபீஸ்ல ஒரு வழக்கம் வெச்சோம். அந்த நம்பர் யாரு கையில இருக்குதோ அவதான் கலாமணி. குரல் வேற மாதிரி இருக்குதுங்களேன்னு எவனாச்சும் கேட்டா, சளி புடிச்சுருச்சுங்கன்னு சொல்லோணும். நான் அவங்க இல்லைங்க, வேற ஆளுங்கன்னு ஒரு நாளும் சொல்லக் கூடாது. சொன்னா பார்ட்டிக்கு நம்பிக்கை போயிரும். ஒரே ஆபீஸ்ல ரெண்டு கலாமணி இருந்தாக் குழப்பம் வருமில்ல? அதனால இந்தம்மாவை எல்லாரும் ஆயான்னு கூப்பிடுங்கன்னு சொல்லிப்போட்டேன். வயசு என்ன பெரிசா ஆகலை, ஆனா பழகிருச்சு.

சிந்துஜா நல்ல பொண்ணுதான். நல்லாப் படிஞ்சு வந்துச்சு. நீங்க வந்திருக்கறது அந்தப் பொண்ணு எடத்துக்குத்தான். ஏன் நின்னுட்டான்னு கேக்கறீங்களா? அதைத்தான் கேக்கோணும். ஒரே ஒரு போன் வந்துச்சு, அதுல பயந்துக்கிட்டு நின்னுட்டா. இத்தனைக்கும் அந்த ஒரு போனை அவ பேசின மாதிரி இந்த ஆபீஸ்ல எவளும் பேசினதில்லை. இங்க வர்ற போன் எல்லாம் தானா ரெக்கார்டு ஆயிரும். புதுசா வர்றவங்களுக்குப் பாடம் நடத்தறதுக்குன்னே அதை நான் தனியா எடுத்து வெச்சிருக்கறேன். இருங்க, போட்டுக் காட்டறேன். ஆயா மேல வர்றதுக்குள்ள கேட்டுரலாம். கதவை அப்படிக் கொஞ்சம் சாத்துங்க.

இந்தாங்க, கேளுங்க. 'வணக்கம், கலாமணி பேசறேன், சொல்லுங்க.' பாருங்க, எத்தனை சுத்தமா எடுக்கறா. இப்ப அவன் பேசலை. மூச்சு விடற சத்தம் மட்டும் வருது பாருங்க. நீங்களா இருந்தா வெச்சிருப்பீங்க. அவ வெக்கலை. 'சொல்லுங்க சார், கேக்குதுங்க.' இப்ப அவன். 'அம்மா?' கேட்டுச்சுங்களா? 'அம்மா, நான் சபரி.'

நிறுத்தறேன் இருங்க. இந்த எடத்துல அவ குரலைக் கவனிங்க. அவளுக்குத் தெரியும். ஆயா பையன் பேரு சபரின்னு இங்க எல்லாருக்கும் தெரியும். ஆயா அந்நேரம் பாத்ரூம் கழுவிக்கிட்டு இருக்குது, தண்ணிச் சத்தத்துல ரிங்கு கேக்கலை. நான் எதிர்லயே உக்காந்திருக்கறேன். சிந்துஜா என்னைப் பார்க்கறா. நான் இப்படி வெரலைக் காட்டினேன், வழக்கம் என்னவோ அதைப் பேசுன்னு. பேசினா பாருங்க! 'எந்த சபரிங்க சார்? சைட்டு பார்க்க வர்றேன்னு சொல்லியிருந்தீங்களே, அவங்களா?' ஒரு துளி நடுக்கம் இருக்குதா? இல்லை. இப்ப அவன். 'இல்லைங்க, இது எங்கம்மா நம்பருங்க. கலாமணி அம்மா இல்லைங்களா?' 'நான்தான் கலாமணி, சொல்லுங்க சார்.' 'அவங்க குரல் இது இல்லைங்களே.' 'சளி புடிச்சுருச்சுங்க சார்.' அருமை! எனக்கே கை தட்டோணும்னு இருந்துச்சு.

அழுகறான் பாருங்க. அவங்க எங்க போனாங்கன்னு தெரியுமுங்களான்னு கேக்கறான். இங்க வேற கலாமணி யாரும் கிடையாதுங்க சார்ங்கறா. கடைசியில பாருங்க, 'ஞாயித்துக்கெழமை நம்ம வண்டி இருக்குதுங்க, குடும்பத்தோட வந்து சைட்டு பாருங்க.' குடும்பத்தோட வாங்கங்கறதையும் விடாமச் சொல்லிட்டா. அவ்வளவுதான், வெச்சுட்டான்.

திருப்பி அடிச்சானான்னு கேக்கறீங்களா? அடிச்சான். விடாம அடிச்சான். அன்னைக்கு ஆடிப் பெருக்கு ஆபர், பார்ட்டி எல்லாம் லைன்ல நிக்கறாங்க. நான்தான் அந்த நம்பரை பிளாக் பண்ணினேன். அவன்தான் இவன்னு என்னங்க நிச்சயம்? சபரின்னு ஊருக்குள்ள எத்தனை பேரு! சரி, அவனேதான்னு வைங்க. ஆயாவுக்குச் சொல்றோம். ஆயா போனை வாங்குது. அந்தக் காத்துக் குரலை அவன் தன்ற அம்மான்னு நம்புவானா? நம்ப மாட்டான். ரெண்டு பேருக்கும் வெசனந்தான் மிச்சம். நம்பினாலும் சிக்கல். தெனமும் அடிப்பான், லைன் போச்சு. இல்லை, ஆயா அவன்கூடக் கெளம்பிப் போகும். இந்தப் படியை எல்லாம் யாரு தொடைக்கறது? சும்மா சொன்னேன், சிரிங்க அம்மணி.

சிந்துஜா ரெண்டு நாள் சோறு திங்கலைன்னா. ஆயாகிட்டச் சொல்லிர்றேன் சார்னு வந்து நின்னா. நான் சத்தமே போடலை. உன்ற நம்பரும் கம்பெனி பேர்லதான் கண்ணு இருக்குது, உனக்கு நிச்சயம் பண்ணின மாப்பிள்ளை அனுப்பினது, நீ அவனுக்கு அனுப்பினது எல்லாம் அந்த நம்பர்லதானே இருக்குதுன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். போனை எடுத்துக்கிட்டு, நம்பரை வெச்சுட்டு அழுதுக்கிட்டே போயிட்டா. இந்தக் காலத்துப் பொண்ணுகளுக்கு மனசுல தெம்பே கிடையாது. உங்களைப் பார்த்தா அப்படித் தெரியலை. கஷ்டப்பட்டவங்க மூஞ்சி. உங்க போன்ல ரெண்டு சிம்மு போடலாமில்ல? ஒண்ணுல உங்க நம்பர் இருக்கட்டும். ஒண்ணுல இதைப் போட்டுக்கங்க.

ஏன் அம்மணி கண்ணைத் தொடைக்கறீங்க? தூசியா? படியில சத்தம் கேக்குது, இதை நிறுத்திர்றேன். கதவைத் தொறந்து விடுங்க.

வா ஆயா. டீயை இப்படி வெய்யி. அம்மணிக்குக் குடு மொதல்ல. என்ன ஆயா, இந்நேரத்துலயே கேக்கறே? சாயங்காலமில்ல கேப்பே? ஓ, கீழ நின்னப்ப மேல ரிங்கு சத்தம் கேட்டமாதிரி இருந்துச்சா? அம்மணி, அந்தம்மா கேக்கறது புரியுதுங்களா? கிட்ட வந்து கேளுங்க, காத்துதான் வரும். பையன் கூப்பிட்டானான்னு கேக்குது. தெனமும் கேக்கறதுதான்.

நான் சொல்லிச் சொல்லிச் சலிச்சுப்போச்சு. இன்னைக்கு நீங்க சொல்லுங்களேன். ஆமாம், நீங்கதான். நாளைக்கு அந்த சீட்டுல உக்காரப் போறவங்க நீங்கதானே. ஆயா, இவங்கதான் இனிமேல் அந்தப் போனை எடுக்கப் போறவங்க, இவங்களையே கேளு. மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க அம்மணி. உங்க வீட்டுக்காரர் கை சரியாக இன்னும் எத்தனை மாசம் ஆகும்னு சொன்னீங்க? நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்லை.

ம். கேட்டுக்கிட்டயா ஆயா? வரலையாம். போ, போய் அந்த ரூமைக் கூட்டு.

காலையில ஒம்பது மணிக்கு வந்துருங்க அம்மணி. குரல் நல்லா இருக்குது.